பக்கவாத வார்டில் எந்த ரத்தச் சோதனை? ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சிபிசியே போதும் என்கிறேன்

மூளை ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில், மூன்று மாதம் கழித்து நோயாளி எந்த அளவுக்கு அடுத்தவர் கையை எதிர்பார்த்து இருப்பார் என்பதை ஓரளவு முன்கூட்டிக் காட்டும் ரத்தச் சோதனை எது? அம்பாசமுத்திரம் பக்கத்தில் நாங்கள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் இதை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. சர்க்கரை, கிரியாட்டினின், இசிஜி எல்லாம் எப்படியும் எடுப்போம். கேள்வி அதற்கு மேலே எது என்பதுதான். நியூட்ரோபில்-லிம்போசைட் விகிதம் (இரண்டு வகை வெள்ளையணுக்களின் விகிதம்), சிஆர்பி (உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் புரதம்), நியூரோஃபிலமென்ட் லைட் செயின் ஆகியவற்றைப் பார்த்தோம். முதலாவதை எடுத்துக்கொண்டோம்.

நியூரோஃபிலமென்ட்தான் கேட்பதற்கு மிகச் சரியானது. நரம்பு இழை சிதையும்போது அதிலிருந்தே கசியும் புரதம் அது. ஆனால் ரத்தத்தில் மெல்லத்தான் ஏறும்; உச்சத்தைத் தொட இரண்டு மூன்று வாரம் ஆகும். வயதானாலும் சிறுநீரகம் கெட்டாலும் கூடும். அளக்கத் தனி எந்திரம் வேண்டும். இதில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை, படித்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

சிஆர்பி மலிவு, எங்கும் கிடைக்கும். சிக்கல் நேரம்தான். கல்லீரல் அதைச் செய்து ரத்தத்தில் விட ஆறு மணி நேரமாவது பிடிக்கும், உச்சத்துக்கு இரண்டு நாள். கை கால் விழுந்த ஒரு மணி நேரத்தில் வருகிறவருக்கு அது சரியாக இருந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சலோடு ஏறினால், புரையேறி வந்த நிமோனியாவைத் தேடச் சொல்கிறது. அதற்காக மட்டும் வைத்துக்கொண்டோம்.

இனி விகிதம். மூளைத்திசு சாகத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே நியூட்ரோபில் கூடும். உடம்பின் அழுத்தத்தில் லிம்போசைட் குறையும். எப்படியும் எடுக்கும் சிபிசியில் நியூட்ரோபில் 82 சதவீதம், லிம்போசைட் 10 சதவீதம் என்று வந்தால் விகிதம் 8.2. நல்ல உடம்பில் பெரும்பாலும் 1 முதல் 3 வரைதான். கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை.

ஆனால் நான் இதன் பக்கம் சாய்ந்தது செலவுக்காக இல்லை, திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்பதற்காக. பாபநாசம், கடையம், முக்கூடல் பக்கமிருந்து வருகிறவர்களில் பலர் காலையில் எழும்போதே வாய் கோணியிருந்தவர்கள். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. நேரம் தெரியாத நோயாளியிடம் ஒற்றை எண்ணுக்கு மதிப்பு குறைவு. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று பார்த்தால் இறங்குகிறதா, ஏறி நிற்கிறதா என்பது தெரியும். ஏறியே நின்றால் நான் கவலைப்படுவேன். இரண்டு எச்சரிக்கை: வரும் வழியில் யாராவது டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் எண் பொய் சொல்லும், கேட்டே ஆக வேண்டும். வெள்ளையணுக்களை மூன்றே வகையாகப் பிரிக்கும் த்ரீ-பார்ட் எந்திரம் என்றால் அது தருவது கிரானுலோசைட் கணக்கு, நியூட்ரோபில் மட்டும் அல்ல. ஸ்லைடு போட்டு எண்ணச் சொல்லுங்கள்.

இதெல்லாம் வயதுக்கும் பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் என்ஐஹெச்எஸ்எஸ் மதிப்பெண்ணுக்கும் அப்புறம்தான். எடின்பரோவில் 2012-ல் வந்த ஆய்வில் இன்டர்லூக்கின்-6 (அழற்சியைக் காட்டுவது), என்டி-ப்ரோபிஎன்பி (இதயத்தின் சுமையைக் காட்டுவது) என்ற ரத்தக் குறியீடுகள் இரண்டும் மோசமான விளைவோடு ஒட்டி வந்தன. ஆனாலும் வயது, நோயின் கடுமை ஆகியவற்றை வைத்துச் சொல்லும் கணிப்பை அவை பெரிதாக மேம்படுத்தவில்லை. விகிதத்தையும் அந்த அளவோடுதான் நம்புகிறேன்.

இன்னொன்று. ஆய்வுகள், நோயாளி எவ்வளவு முடங்கியிருக்கிறார் என்பதை 0 முதல் 6 வரை எண்ணால் சொல்லும் ராங்கின் அளவுகோலில் 0 முதல் 2 வரை நல்ல விளைவு என்று கணக்கிடுகின்றன. 2 என்றால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார், ஆனால் பழைய வேலைகளில் சில முடியாது. மடியில் சுளவை வைத்து பீடி சுற்றிக் குடும்பத்தைப் பார்த்த ஒரு அம்மாவின் மகள், "அம்மை இனி பீடி சுத்துவாவளா சார்?" என்று கேட்டாள். இலையைச் சுருட்டி நூல் கட்டும் விரல்களைப் பற்றி இந்த மூன்று சோதனையும் எதுவும் சொல்லாது. அதற்கு மூன்று நாளுக்குள் தோளைப் பக்கவாட்டில் தூக்க முடிகிறதா, விரலை நீட்ட முடிகிறதா என்று கட்டிலருகே நின்று பார்ப்பதுதான் நம்பகம். அவருக்கு அன்று ஆள்காட்டி விரல் கொஞ்சம் நீண்டது. மகளிடம் அதைத்தான் சொன்னேன், விகிதத்தை அல்ல.