பேச்சலரெட் டின்னர் பேக்கேஜ்: அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில், கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பெண்ணுக்குத் தோழிகள் சேர்ந்து வைத்த விருந்து. மொத்தம் 12 பேர், ஈசிஆர் பக்கம் ஒரு மொட்டைமாடி உணவகம். இன்ஸ்டாகிராமில் கண்ட டெக்கர் பக்கம் ஒன்று சாப்பாடு, அலங்காரம், 3 கிலோ கேக், பெயர் போட்ட நியான் போர்டு, ஆளுக்கொரு மெனு கார்டு, போட்டோகிராபர் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் என்றது. அதில் 70 சதவீதம், 29,400 ரூபாய், அட்வான்ஸாக ஜிபேயில் போனது.

அன்று மாலை 6 மணிக்கு முடிந்திருக்க வேண்டிய செட்டப்புக்கு ஆள் வந்ததே 7.45க்கு. 8 மணிக்குப் பெண் படியேறி வரும்போது அவள் கண்ணெதிரே பலூன் ஊதிக்கொண்டிருந்தார்கள். நியான் போர்டு என்று சொன்னது பிளாஸ்டிக் பலகையில் ஒட்டிய ஸ்டிக்கர். அதில் அவள் பெயரின் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். கேக்கின் அடித்தட்டு தெர்மாகோல். உணவக மேலாளரைக் கேட்டால், வந்தது வெறும் டேபிள் புக்கிங், சாப்பாட்டுக்கு யாரும் பணம் கட்டவில்லை என்றார். மீதி 12,600 ரூபாயைக் கொடுத்தால்தான் கேமரா வெளியே வரும் என்று டெக்கர் ஆள் நின்றார். கல்யாணப் பெண்ணின் முன்னால் சண்டை வேண்டாமென்று கொடுத்துவிட்டார்கள். சாப்பாட்டு பில்லும் அவர்கள் தலையில்தான். மறுநாள் "ரீஃபண்ட் அனுப்புறோம் மேடம், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று செய்தி வந்தது. ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டதும் இன்னொரு 5,000 போனது.

இது ஒரே ஒரு பக்கம் செய்யும் வேலை இல்லை. இப்படி ஏமாற்றுகிறவர்கள் எல்லோருக்கும் கைகொடுப்பது ஒரே வாதம்: "பெயர் போட்ட பொருள் மேடம், நீங்க கேன்சல் பண்ணா வேற யாருக்கும் விக்க முடியாது." பேச்சு உண்மைதான். சாஷ் (தோளில் குறுக்கே போடும் பட்டை), நியான் போர்டு, மெனு கார்டு, கேக் டாப்பர் ஆகியவற்றுக்கு முன்பணம் கேட்பது நியாயம். ஆனால் அந்த 42,000இல் பெயர் தாங்கிய பொருட்களின் பங்கு ஆறேழாயிரத்தைத் தாண்டாது. பூ, விளக்கு, சாப்பாடு, மேசைத்துணி எல்லாம் நாளைக்கு இன்னொருவர் விருந்துக்கும் ஆகும். சின்னப் பங்குக்கான நியாயத்தை மொத்தத் தொகையின் மேல் போர்த்தி 70 சதவீதம் வாங்குகிறார்கள், ஏமாற்று தொடங்குவது அங்கேதான்.

ஆகவே பேக்கேஜை உடைத்துவிடுங்கள். சாப்பாட்டுப் பணத்தை உணவகத்துக்கு நேரே கட்டி ரசீது வாங்குங்கள். கேக்கை பேக்கரிடம் நேரே சொல்லுங்கள். பெயர் போட்ட பொருட்களைத் தனி ஆர்டராக வைத்து, டிசைன் பார்த்து ஒப்புக்கொண்டதும் பாதி, கையில் வாங்கும்போது மீதி. விருந்துக்கு இரண்டு நாள் முன்பே அவை உங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் எந்தச் சலுகைக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். பொருள் உங்கள் அலமாரியில் இருந்தால், டெக்கர் ஆள் வராமலே போனாலும் விருந்து நடக்கும். டெக்கருக்கு 30 சதவீதம் முன்பணம், பொருட்கள் மாடியில் இறங்கியதும் 40, செட்டப் முடிந்து நீங்கள் சரிபார்த்ததும் 30. இதற்கு மறுக்கிறவரை விட்டுவிட்டு அடுத்தவரைத் தேடலாம்.

தமிழில் பெயர் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. தேன்மொழி, கோமதி, சௌமியா மாதிரி கொம்பு வரும் பெயர்கள்தான் அடிக்கடி உடையும். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோட் எழுத்து. கடைக்காரர் அதை எடுத்து டிசைன் மென்பொருளில் ஒட்டுகிறார். இந்திய மொழிகளுக்கான அமைப்பை அங்கே தேர்வு செய்யாவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தொங்கும், 'கோ' மூன்று துண்டாகப் பிரியும். யூனிகோட் வருமுன் இருந்த பழைய எழுத்துருவில் போட்டால் சம்பந்தமே இல்லாத குறிகள் வரும். தமிழ் படிக்கத் தெரியாத ஆபரேட்டருக்கு அது தவறென்றே தெரியாது. எழுத்தாக அனுப்பாமல் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ அனுப்புங்கள். வெட்டுவதற்கு முன், எழுத்தைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிய கடைசிக் கோப்பின் படத்தைக் கேட்டு, இரண்டு பேர் உரக்கப் படித்துப் பார்த்த பிறகு 'ஓகே' சொல்லுங்கள். அந்த ஒப்புதலே பின்னால் ஆதாரம். ஆங்கிலத்தில் போட்டாலும் பெண் தன் பெயரை எப்படி எழுதுகிறாள் என்று கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து எழுத்து எழுத்தாகக் கொடுங்கள்.

அலங்காரக் கோட்டேஷனில் "ஃபுல் டெக்கர்", "பிரீமியம் ஃப்ளவர்ஸ்" என்று இருந்தால் அதில் எதுவுமே எழுதவில்லை என்று அர்த்தம். அளவும் எண்ணிக்கையும் பொருளும் வேண்டும். இருபுறமும் ஆறாறு பேர் உட்காரும் மேசைக்கு, ஆளுக்கு 2 அடி வீதம், 12 அடி நீளம். நடுவில் விரிக்கும் துணி இரு முனையிலும் ஓரடி தொங்க 14 அடி வேண்டும். 6 அடித் துணியைக் கொண்டுவந்து நடுவில் போட்டுவிட்டுப் போவது சர்வசாதாரணம். எட்டடி பலூன் ஆர்ச் நெருக்கமாக இருக்கச் சின்னதும் பெரியதுமாக நூறு பலூன் பக்கம் ஆகும். அறுபதில் கட்டினால் கம்பி தெரியும். ரோஜா என்றால் எத்தனை கட்டு, கட்டுக்கு எத்தனை தண்டு என்று எழுதி வாங்குங்கள். ஓசூரிலிருந்து வரும் ரோஜா பெரும்பாலும் 20 தண்டுக் கட்டாகத்தான் விற்கும். முகூர்த்த நாளை ஒட்டி கோயம்பேட்டில் பூ விலை ஏறும்போது ரோஜா இருந்த இடத்தில் சாமந்தியோ பிளாஸ்டிக் பூவோ வந்து உட்காரும். "கிடைக்காவிட்டால் எது, எந்த விலையில்" என்பதையும் முன்பே எழுதிவிட்டால் அந்தச் சாக்கு செல்லாது. நியான் என்று இவர்கள் சொல்வது எல்இடி நெகிழ்குழாய்தான், அதில் தவறில்லை. ஆனால் எத்தனை அங்குலம், அடாப்டர் சேர்த்தா, மாடியில் பிளக் எங்கே, எக்ஸ்டென்ஷன் வயர் யார் கொண்டுவருவது என்று கேளுங்கள். போர்டு வந்து பிளக் எட்டாமல் இருட்டில் தொங்கிய விருந்துகள் பல.

காஸ் பலூனை நான் வேண்டாமென்றே சொல்வேன். ஹீலியம் விலை அதிகம். மலிவுக்காக ஹைட்ரஜனை நிரப்பி ஹீலியம் என்று விற்கிறார்கள். ஹைட்ரஜன் தீப்பற்றும், மேசையெல்லாம் மெழுகுவர்த்தி எரியும் விருந்தில் அதற்கு இடமே இல்லை. சாதாரணக் காற்றடைத்த பலூனை நூலில் தொங்கவிட்டாலே அழகுதான். மேசையில் புகை எழுப்ப உலர்பனி (டிரை ஐஸ்) கொண்டுவருகிறோம் என்பார்கள், அதையும் மறுத்துவிடுங்கள். 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில் வாய்மணப் பொருள் என்று உலர்பனியைக் கொடுத்துவிட, சாப்பிட்டவர்கள் ரத்த வாந்தி எடுத்தார்கள். அடுத்த மாதம் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை, இதே மாதிரி புகை எழுப்பும் திரவ நைட்ரஜன் விஷயத்தில் எச்சரிக்கை விட்டது.

கேக் 12 பேருக்கு ஒன்றரை கிலோ தாராளம், விருந்துக்குப் பின் யாரும் பெரிய துண்டு சாப்பிடுவதில்லை. இரண்டு தட்டு உயரம் வேண்டுமென்றால் ஒரு தட்டு தெர்மாகோலாக இருப்பது தவறும் இல்லை, ஆனால் அதைச் சொல்லிவிட்டு, உண்ணும் எடைக்கு மட்டும் விலை போட வேண்டும். "3 கிலோ கேக்" என்பதில் அடித்தட்டின் எடை உண்டா என்று கேளுங்கள். முட்டையில்லாதது வேண்டுமா என்பதை வாயால் சொல்லாமல் எழுத்தில் சொல்லுங்கள். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் கேக்கைப் போர்த்தும் ஃபாண்டன்ட் என்ற சர்க்கரைப் பூச்சு வியர்த்துப் பிசுபிசுக்கும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மாடியில் வைத்தால் சாயமும் வழியும். பெண்ணின் சின்ன வயதுப் போட்டோவைச் சர்க்கரைத் தாளில் அச்சடித்து ஒட்டுவதானால், ஈரமான கிரீமின் மேல் முந்தின நாளே ஒட்டினால் முகம் கரைந்துவிடும், அன்றே ஒட்டச் சொல்லுங்கள். கேக் உணவகத்தின் ஏசி அறையில் இருந்து வெட்டுவதற்குக் கால் மணி முன் மேலே வந்தால் போதும். வீட்டிலிருந்து செய்கிற பேக்கராக இருந்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எண் வேண்டும், அது 14 இலக்கம்.

மெனு கார்டை அச்சடிக்கும் முன் சமையலறையோடு பேசிவிடுங்கள். இந்த விருந்தில் கார்டில் மீன் மொய்லி இருந்தது, உணவகத்தில் அந்த உணவே கிடையாது. ஒவ்வாமையை வெயிட்டரிடம் சொல்வதோடு நிறுத்தாமல் புக்கிங்கிலேயே எழுதுங்கள். முந்திரி ஆகாதவருக்குப் பனீர் கிரேவியும் குருமாவும் ஆபத்து, வெள்ளை கிரேவி பெரும்பாலும் முந்திரி விழுதுதான். வெளி கேக்குக்குக் கட்டணம் உண்டா, ஆணி டேப் அனுமதி உண்டா, மேசை எத்தனை மணி நேரம், பாட்டு எத்தனை மணி வரை என்ற நான்கையும் மேலாளரிடமே கேளுங்கள். டெக்கர்காரர் கொடுத்த நம்பரில் பேசாதீர்கள், உணவகத்தின் போர்டில் இருக்கும் நம்பரில் பேசுங்கள். அந்த ஒரு போன் போயிருந்தால் 29,400 தப்பியிருக்கும்.

பில்லையும் பாருங்கள். அன்று சாப்பாடு 21,600 ரூபாய். அதன் மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 2,160 போட்டு, கூட்டிய தொகைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி 1,188 சேர்த்து 24,948 ஆக்கியிருந்தார்கள். சர்வீஸ் சார்ஜ் இல்லாமல் வந்திருக்க வேண்டியது 22,680. சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, உணவோடு கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டியும் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பணம் கட்டும் முன் "இதை எடுத்துடுங்க" என்று கேட்கலாம், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அங்கிருந்தே அழைக்கலாம்.

"பாட்டில் நீங்களே கொண்டுவரலாம்" என்று டெக்கர் பக்கம் சொல்வதை நம்ப வேண்டாம். உரிமம் இல்லாத மாடியில் மது பரிமாறினால் மாட்டுவது நீங்களும்தான், தமிழ்நாட்டில் வயது வரம்பு 21.

பக்கம் உண்மையானதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். அவர்கள் போட்டிருக்கும் படங்களில் ஐந்தைக் கூகுள் லென்ஸில் போடுங்கள். வெளிநாட்டுத் தளத்தில் அதே மேசை இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். கடைசியாகச் செய்த நிகழ்ச்சியின் வெட்டாத வீடியோ ஒன்று, மேசையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, கேளுங்கள். யுபிஐயில் பணம் போடும்போது திரையில் வரும் பெயரும் கோட்டேஷனில் இருக்கும் பெயரும் ஒன்றா? ஜிஎஸ்டி வசூலிக்கிறார்கள் என்றால் 15 எழுத்துள்ள எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் தேடிப் பாருங்கள், தமிழ்நாட்டில் பதிவானது 33இல் தொடங்கும்.

பெண்ணின் போட்டோ, வீட்டு முகவரி, கல்யாணத் தேதி எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒரு பக்கத்துக்கு அனுப்புகிறோம் என்பதும் நினைவிருக்கட்டும். அச்சடிக்கத் தேவையான படம் போதும். விருந்துப் படங்களை அனுமதியில்லாமல் போடக் கூடாது என்று கோட்டேஷனிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வீட்டுக்குச் சொல்லாமல் வந்த தோழியின் படம் மறுநாள் ரீல்ஸில் ஓடினால் அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

அன்றைய நாள் நேரக் கணக்கு இப்படி இருக்கட்டும்: பெண் 8 மணிக்கு வருகிறாள் என்றால், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த 4.30க்கு ஆட்கள் மாடியில் இருக்க வேண்டும். இந்த அளவு வேலைக்கு இரண்டு பேருக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். 5 மணிக்கு ஆள் வந்ததற்கான படம் வரவில்லையென்றால் காத்திருக்காதீர்கள். பெயர் போட்ட பொருட்களோடு 10 மீட்டர் சீரியல் லைட் இரண்டு, நூல், இருபக்க டேப், கத்தரி, க்ளிப் போட்ட ஒரு பையை முந்தின நாளே கட்டிவைத்து, அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் கிளம்பிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் மேசை தயாராகும்.

ஏமாந்துவிட்டால், அன்றிரவே ஒவ்வொரு பொருளையும் அருகில் அளவு டேப் வைத்துப் படமெடுங்கள். பக்கத்தின் பெயர் தெரிய அரட்டை முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பக்கம் காலையில் மறைந்துவிடலாம். யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வையுங்கள். ரீஃபண்ட் வாங்க பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. பின் கேட்கிறதென்றால் பணம் உங்களிடமிருந்து போகிறது. அப்படிப் போன தொகைக்கு சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கினால்தான் கிடைக்கும், அந்த 5,000க்கு மூன்று நாள் கழித்துப் போன புகாரில் கணக்கு காலியாக இருந்தது. சேவைக் குறைபாட்டுக்கு வழி வேறு. முதலில் 1915இல் பதிவு, பிறகு எழுத்தில் நோட்டீஸ், அதற்கும் பதில் வராவிட்டால் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குப் புகார்க் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த பணத்தோடு, தெர்மாகோல் தட்டுக்கும் உடைந்த பெயர்ப்பலகைக்கும் தனித்தனியே தொகை எழுதிக் கேளுங்கள். அதற்குத்தான் கோட்டேஷனில் ஒவ்வொன்றுக்கும் தனி விலை போடச் சொல்வது.