வெள்ளைக்கல் மேடா, லிபியா மணலா?

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் பசுமையைச் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் தொடர்ந்து பார்த்து வந்தேன். 2022 ஜனவரி கடைசியில் என்டிவிஐ என்ற பசுமை எண் 0.8-லிருந்து 0.5-க்குச் சடாரென இறங்கிவிட்டது. தோட்டக்காரரிடம் கேட்டால், "ஒரு சில்வர் ஓக்கைக்கூடத் தொடலைங்களே" என்றார். அப்படியானால் கோளாறு மலையிலா, மேலே இருக்கும் சென்சாரிலா?

சென்சாரைச் சோதிக்க, மாறாத ஓர் இடம் வேண்டும். சேலம் மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல் மேடுகளைத்தான் முதலில் எடுத்தேன். பளிச்சென்ற நிலம். பைக்கில் போய், செயற்கைக்கோள் கடக்கும் முற்பகல் நேரத்தில் தரையையே அளந்துவிடலாம். சென்சார்களைச் சோதிக்கப் பயன்படும் லிபியா-4 என்ற பாலைவன மணல்வெளியில் அதற்கு வழியில்லை.

ஆனால் வெள்ளைக்கல் மேடு சும்மா இருப்பதில்லை. தோண்டுகிறார்கள், கொட்டுகிறார்கள், செம்மண் தூசி படிகிறது. மழை பெய்தால் கறுத்து, காய்ந்தால் மறுபடி வெளுக்கிறது. சில மாதம் விட்டால் ஓரமெல்லாம் புதர். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் 30 மீட்டர் கட்டத்தில் பக்கத்துப் பச்சையும் கலந்துவிடும். அந்த ஜனவரியில் இந்த மேடும் வெளுத்துத்தான் தெரிந்தது. வடகிழக்கு மழை ஓய்ந்து மண் காய்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

லிபியா மணலில் அப்படிச் சாக்குச் சொல்ல முடியாது. மழை அபூர்வம், செடி கிடையாது, மேகம் குறைவு, பல கிலோமீட்டருக்கு ஒரே மணல். அங்கே ஜனவரி 25-க்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் வைத்துப் பார்த்தேன். எல்லா நிறப் பட்டைகளிலும் ஒளிப் பிரதிபலிப்பு ஒரே அளவு, 0.1, கூடியிருந்தது. சென்சார் தேய்ந்தால் பட்டைக்குப் பட்டை வேறுபடும். பெரும்பாலும் நீலம்தான் முதலில் மங்கும். இது சென்சார் கோளாறே இல்லை. அன்று முதல் வந்த படங்களில் எண்ணோடு 1000 (பிரதிபலிப்பில் 0.1) சேர்த்துத் தருகிறார்கள், அதைக் கழிக்காதது என் தவறு. காப்பித் தோட்டத்தின் சிவப்பு 300 என்றால் 1300 ஆகிறது, அகச்சிவப்பு 3000 என்றால் 4000. இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்டிவிஐ, கணக்குப் போட்டுப் பாருங்கள், 0.82 நேராக 0.51-க்கு வந்து நிற்கும்.

சென்சாரைச் சோதிக்கச் செயற்கைக்கோளிலேயே சூரிய ஒளிச் சிதறல் தகடு இருக்கிறதே என்பார்கள். தேவைதான், ஆனால் உள்ளே இருப்பதும் மாறும். 1984-ல் ஏவிய லேண்ட்சாட்-5-இன் உள்விளக்குகளை நம்ப முடியாமல் போய், 2007-ல் அளவுத்திருத்தத்தைச் சரிசெய்தபோது பாலைவன மணலைத்தான் ஆதாரமாகக் கொண்டார்கள். லேண்ட்சாட்-8 மாதம் ஒருமுறை நிலாவையும் பார்க்கிறது. அந்த வழியை நான் செய்து பார்த்ததில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

லிபியாவிலும் ஒரு குறை உண்டு. சூரியன் சாயும்போது மணல்மேடுகளின் நிழல் நீளும். அதனால் ஜனவரியை ஜனவரியோடுதான் ஒப்பிட வேண்டும், ஜூனோடு ஒப்பிட்டால் இல்லாத சரிவு தெரியும். வெள்ளைக்கல் மேட்டை நான் கைவிடவில்லை. காற்றும் தூசியும் படத்தில் கலக்கும் ஒளியை நீக்கும் வளிமண்டலத் திருத்தம் நம்மூரில் சரியாக வருகிறதா என்று பார்க்க அங்கேதான் போகிறேன்.