வியாழனுக்கு நேர்வழியா, சுற்றுவழியா?

வியாழனுக்கு விண்கலம் அனுப்ப இரண்டு வழி. பெரிய ராக்கெட்டில் ஏற்றி நேராக விரட்டலாம். இல்லையென்றால் வெள்ளி, பூமி, செவ்வாய் என்று ஏதாவது ஒரு கோளை ஒட்டிப் போகவிட்டு, சூரியனைச் சுற்றி ஓடும் அந்தக் கோளின் வேகத்தில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். எரிபொருள் மிச்சம், ஆண்டுகள் செலவு.

பயனியர் 10 நேராகத்தான் போனது. 1972 மார்ச்சில் கிளம்பி, 1973 டிசம்பரில் வியாழனைக் கடந்துவிட்டது. ஆனால் அதன் எடை சுமார் 260 கிலோ. வியாழனை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுதான் அதன் வேலை. அங்கேயே தங்கிச் சுற்ற வேண்டிய கலிலியோ விண்கலமோ இரண்டரை டன்.

அதையும் நேராக அனுப்பத்தான் நாசா நினைத்தது. விண்ணோடத்தில் ஏற்றி, அங்கிருந்து சென்டார் என்ற திரவ ஹைட்ரஜன் ராக்கெட்டால் உந்திவிட்டால் இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். 1986 ஜனவரியில் சேலஞ்சர் என்ற விண்ணோடம் வெடித்தது. அப்புறம் ஆட்கள் போகும் ஓடத்தில் சென்டாரை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. 1989 அக்டோபரில் கிளம்பிய கலிலியோ வெள்ளியை ஒரு முறையும் பூமியை இரண்டு முறையும் ஒட்டிப் போய், 1995 டிசம்பரில்தான் வியாழனை அடைந்தது.

வெள்ளிப் பக்கம் வெயில் அதிகம். அதனால் குடைபோல் விரியும் 4.8 மீட்டர் ஆன்டெனாவை மடக்கி நிழலிலேயே வைத்திருந்தார்கள். 1991 ஏப்ரலில் விரிக்கச் சொன்னால், சில கம்பிகள் சிக்கிக்கொண்டு அரைக்குடையாக நின்றுவிட்டது. ஏவுதல் தள்ளிப்போன ஆண்டுகளில் கலிஃபோர்னியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் லாரியில் குலுங்கிக் குலுங்கி, கம்பிகளில் பூசிய மசகு தேய்ந்திருக்க வேண்டும் என்றார்கள். வினாடிக்கு 1,34,000 பிட் வரவேண்டிய இடத்தில், சின்ன ஆன்டெனா வழியாக 160 பிட் வந்தாலே பெரிய விஷயம். சுற்றுவழியை முழுசாகத் திட்டவும் முடியவில்லை. ஐடா என்ற சிறுகோளுக்கு ஒரு குட்டி நிலா இருப்பதைக் கலிலியோ கண்டது போகிற வழியில்தான்.

வியாழனின் யுரோப்பா நிலாவை ஆராய நாசா அனுப்பிய யுரோப்பா கிளிப்பருக்கு வந்தபோது பேரம் மாறியிருந்தது. எஸ்எல்எஸ் என்ற நாசாவின் பெரிய ராக்கெட்டில் நேராகப் போனால் மூன்று ஆண்டுக்குள். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் ஹெவி ராக்கெட்டில் சுற்றிப் போனால் ஐந்தரை ஆண்டு, ஆனால் சுமார் 200 கோடி டாலர் மிச்சம். நாசா சுற்றுவழியை எடுத்தது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன், முக்கியமாக இந்தப் பாதையில் வெள்ளி இல்லை என்பதால். 2024 அக்டோபரில் கிளம்பிய கிளிப்பர், 2025 மார்ச் 1 அன்று செவ்வாய்க்கு 884 கிலோமீட்டர் மேலே பறந்தது. அடுத்து 2026 டிசம்பரில் பூமி. வியாழன் 2030இல்.