மதுரை மாட்டுத்தாவணி பஸ்ஸுக்கு எந்த ஹெட்போன்?

வெளிச்சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் வசதி எல்லாச் சத்தத்தையும் விழுங்காது. இன்ஜின் உறுமல், ஏசி இரைச்சல் மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலியைத்தான் நன்றாக அடக்கும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் திடீரென அலறும் ஏர் ஹாரனைக் குறைப்பது பெரும்பாலும் காதை மூடும் குஷன்தான். மூக்குக்கண்ணாடியின் காம்பு அந்தக் குஷனைத் தூக்கிவிட்டால், இடுக்கு வழியே உறுமலும் உள்ளே வந்துவிடும். வாங்கும்போது கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள்.

இந்த வசதி உள்ள சோனி ஹெட்போன்களில் எக்ஸ்எம்4 (WH-1000XM4) மடங்கும். எக்ஸ்எம்5 மடங்காது, கப்பைத் திருப்பிப் படுக்க வைக்கலாம், அவ்வளவே. இரண்டுக்கும் 30 மணி நேர பேட்டரி. வைகை எக்ஸ்பிரஸில் சென்னை போய்வரத் தாராளம். மடங்குவதால் தோள்பை ஆசாமிகளுக்கு எக்ஸ்எம்4தான் தோது.

சித்திரை வெயிலில் டவுன் பஸ்ஸுக்கு இரண்டுமே வேண்டாம். காது வெந்துவிடும், வியர்வையில் ஊறி குஷன் தோல் உரியும். அங்கே ரப்பர் முனை வைத்த இயர்பட்ஸ் போதும்.