விதைக் காயத்தைக் காட்டிக்கொடுக்கும் கரைசல்: பல பருவங்களுக்குப் பிறகு

விதை உற்பத்தியில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன எரிச்சல் ஒன்று உண்டு. குவியல் பளபளவென்று இருக்கும், சல்லடையும் குறை சொல்லாது, கதிரடிக்கும் இயந்திரத்தில் விதை காயம்பட்ட குட்டு, முளைப்புச் சோதனை முடிவு வந்த பிறகுதான் வெளிப்படும். சோயாவுக்கு அந்த முடிவு வர ஒரு வாரத்துக்கும் மேலாகும். அதற்குள் மொத்த விளைச்சலையும் இயந்திரம் அடித்து முடித்திருக்கும். அதனால்தான் காயத்தை உடனே காட்டும் 20 சதவீத ஃபெர்ரிக் குளோரைடு (ஓர் இரும்பு உப்பு) கரைசலைக் களத்துக்கே எடுத்துப் போகிறேன். பல பருவங்களாக இதுதான் வழக்கம்.

வேலை எளிது. இயந்திரத்தின் வாயிலிருந்து விழும் விதையில் நூறை எண்ணிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, மூழ்கும் அளவுக்குக் கரைசலை ஊற்ற வேண்டும். ஐந்து நிமிடத்தில் அடிபட்டவை கருக்கத் தொடங்கும். கால் மணி நேரத்தில் எண்ணிவிடலாம். முழு விதை என்று எண்ணியிருந்த சோயாவின் மஞ்சள் தோலில் மயிரிழைக் கோடு ஒன்று கறுப்பாக எழுந்து வருவதை முதன்முறை பார்ப்பவர்கள் மிரண்டுதான் போவார்கள்.

எண்ணிக்கையைவிட, கோடு எங்கே விழுகிறது என்பதையே நான் அதிகம் கவனிக்கிறேன். விதையிலையின் முதுகில் உள்ள சிறு கீறலோடு விதை பிழைத்துக்கொள்ளலாம். தழும்பை, அதாவது விதை காயோடு ஒட்டியிருந்த இடத்தை, ஒட்டிய காயம் ஆபத்தானது. சோயாவில் முளைவேர் மெல்லிய தோலுக்கு அடியிலேயே கிடக்கிறது; அதற்கு வேறு கவசம் இல்லை. விரிசல் உள்ள விதை ஊறும்போது தண்ணீரை வேகமாக இழுக்கிறது, உள்ளிருக்கும் சர்க்கரை வெளியே கசிகிறது, பூஞ்சைக்கு விருந்தாகிறது. அறுவடை முடிந்த கையோடு முளைப்பில் தேறிய குவியல், கிடங்கில் சில மாதங்கள் இருந்தபின் விழுந்துபோவதற்கு இதுவும் முக்கியக் காரணம்.

கறுப்பு கூடினால் இயந்திரத்தில் அடிக்கும் உருளையின் வேகத்தைக் குறைக்கிறேன், விதை அடிபட்டுப் போகும் இடைவெளியைக் கூட்டுகிறேன், ஈரப்பதத்தை அளக்கிறேன். சோயாவை 13 முதல் 15 சதவீத ஈரத்தில் அடிப்பது நல்லது. 12-க்குக் கீழே போனால் தோல் வெடிக்கும்.

ஈரம் மிகுந்தால் வேறு சங்கடம். தோல் கிழியாது, உள்ளே நசுங்கும். இந்தக் கரைசலுக்கு அது தெரியாது. இதன் பெரிய குறை இதுவே. அதற்கு டெட்ராசோலியம் சோதனைதான் வழி. ஜெர்மனியில் கேயார்க் லாகோன் 1940-களில் உருவாக்கிய முறை அது: உயிருள்ள திசு சிவக்கும், செத்தது வெள்ளையாகவே நிற்கும். ஆனால் விதையை ஊறவைக்க வேண்டும், படித்துச் சொல்லப் பழகிய கண் வேண்டும். களத்தில் நின்றுகொண்டு செய்யும் வேலையல்ல.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. கரைசல் உலோகத்தை அரிக்கும், துணியில் பட்டால் கறை போகாது, கையுறை கட்டாயம். சோதித்த விதையை எறிந்துவிட வேண்டும். உளுந்துக்கு இது உதவாது, கறுப்புத் தோலில் கறுப்பை எங்கே தேடுவது? மக்காச்சோளத்துக்கு 0.1 சதவீத ஃபாஸ்ட் கிரீன் சாயம் வைத்திருக்கிறேன். சில நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் விரிசலில் மட்டும் பச்சை தங்கும். ஃபெர்ரிக் குளோரைடு தீர்ந்துபோன நாட்களில், நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (வெளுப்புக் கரைசல்) சோயாவைப் பத்து நிமிடம் போட்டுப் பார்ப்பேன். தோல் கிழிந்தவை இரண்டு மூன்று மடங்கு ஊதிவிடும். நேரம் தவறினால் நல்ல விதையும் ஊதத் தொடங்கும் என்பதால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது.