சின்ன அலுவலக உள்வலைக்கு எந்த அரட்டைச் சேவையகம்?

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சின்ன அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். முன்னால் ஓடர் எடுக்கும் மேசை, மாடியில் தட்டச்சும் வடிவமைப்பும், பின்னால் இயந்திரம். கார்த்திகை மழையில் இணைய இணைப்பு அறுந்தால் வாட்ஸ்அப்பும் நின்றுவிடும். மின்சாரமும் போனால், ரவுட்டருக்கும் ஒரு பழைய கணினிக்கும் யூபிஎஸ் இருந்தால் உள்வலை (கட்டடத்துக்குள் கணினிகளையும் போன்களையும் இணைக்கும் வலை) மட்டும் ஓடும். அந்தக் கணினியில் எந்த அரட்டைச் சேவையகத்தை, அதாவது எல்லோருடைய செய்திகளையும் வாங்கிக் கொடுக்கும் மென்பொருளை, நிறுவலாம்?

மிக இலகுவானது என்ஜிஐஆர்சிடி. 1988இல் பின்லாந்தில் பிறந்த ஐஆர்சி என்ற எழுத்து அரட்டை முறையில் இயங்குகிறது. ஒரே அமைப்புக் கோப்பு, தரவுத்தளம் வேண்டாம், நினைவகமும் மிகக் குறைவு. வேகமாகவும் ஓடும்.

ஆனால் நாங்கள் எழுதுவது தமிழில். ஐஆர்சியில் ஒரு செய்தி 512 பைட்டுக்குள் (பைட் என்பது கணினித் தரவை அளக்கும் சிறு அலகு) அடங்கவேண்டும்; அனுப்புபவர் பெயர், அறைப் பெயர் எல்லாம் அதற்குள்தான். எழுத்துகளைக் கணினிக்கு எண்களாக மாற்றும் யூடிஎஃப்-8 குறிமுறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் அடிப்படை எழுத்து, உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனியாக மூன்று பைட் எடுக்கும். 'யாழ்ப்பாணம்' என்ற ஆறெழுத்துச் சொல்லுக்கே 33 பைட். கலியாண அழைப்பிதழில் நாலைந்து திருத்தங்களைச் சேர்த்து எழுதினால் செய்தி துண்டாகும், அல்லது வால் அறுந்துபோகும். அறுந்தது முகூர்த்த நேரமாக இருந்தால் யார் பொறுப்பு? அத்தோடு, இரவு எட்டு மணிக்கு எழுதியதைக் காலையில் வருபவர் பார்க்கமுடியாது. பழைய செய்திகளை அது சேமித்து வைப்பதில்லை.

அதனால் என் தெரிவு புரோசடி. லூவா என்ற நிரல் மொழியில் எழுதப்பட்ட, எக்ஸ்எம்பிபி என்ற இன்னொரு அரட்டை முறையில் இயங்கும் சேவையகம். என்ஜிஐஆர்சிடியை விடக் கொஞ்சம் பாரம்தான், ஆனாலும் ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினியில் தாராளமாக ஓடும். ஆள் இல்லாத நேரத்தில் வந்த செய்தியைப் பிடித்துவைத்து, அவர் இணைந்ததும் கொடுக்கும். குழு அறையின் பழைய பேச்சு வேண்டுமென்றால் காப்பகக் கூறை இயக்கவேண்டும். 2022இல் வந்த 0.12 பதிப்பிலிருந்து கோப்புப் பகிர்வுக் கூறும் கூடவே வருகிறது. புரூஃப் அனுப்ப இது பெரிய உதவி. தொல்லை கொடுப்பது, சேவையகம் உண்மையானதுதான் என்று போனுக்குக் காட்டும் சான்றிதழ்தான். உள்வலைக்கு நாமே ஒன்று உருவாக்கி, ஒவ்வொரு போனிலும் ஒருமுறை 'நம்பு' என்று சொல்லவேண்டும். ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் செயலி நல்லது; எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலிக் கடையில் இலவசம்.

மேட்ரிக்ஸ் என்ற இன்னொரு அரட்டை முறை? அழகானதுதான். ஆனால் அதன் சினாப்ஸ் சேவையகம் நினைவகத்தை விழுங்கும். பத்துப் பேருக்கு அது தேவையில்லை.

பாடசாலைக் கணினி அறை என்றால் மட்டும் என்ஜிஐஆர்சிடி பக்கம் சாய்வேன். அங்கே பாடவேளை முடிந்ததும் பேச்சு அழிந்துபோவதே நல்லது.