ஒரு லட்சம் கிலோமீட்டர் கடந்த விவிடி இன்ஜின்: இழுவை குறைவது எங்கிருந்து தொடங்குகிறது?

விவிடி என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் வால்வ் டைமிங் மாற்றும் அமைப்பைப் பெரிய பவருக்கான கருவி என்றே பலர் நினைக்கிறார்கள். தினசரி ஓட்டத்தில் அதன் உண்மையான பலன் தெரிவது 1500 முதல் 4000 ஆர்பிஎம் வரைதான். நான்காம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது, கியரைக் குறைக்காமலே வண்டி முன்னே நகர்கிறதே, அந்த இழுவை இதன் வேலை.

பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பிய பிறகும் இன்டேக் வால்வ் சற்று நேரம் திறந்தே இருக்கும். வேகம் அதிகமாக இருந்தால், ஓடிவரும் காற்று தன் வேகத்திலேயே உள்ளே புகுந்து சிலிண்டரை நிரப்பும். குறைந்த ஆர்பிஎம்மில் அந்த உந்தல் இல்லாததால், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியைப் பிஸ்டன் திருப்பித் தள்ளிவிடும். நிலையான டைமிங் உள்ள இன்ஜின் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். விவிடியில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் முனையில் உள்ள பேசர், ஆயில் அழுத்தத்தால் கேமை முன்னும் பின்னும் திருப்பி, வால்வ் திறந்து மூடும் நேரத்தை வேகத்துக்கு ஏற்ப மாற்றுகிறது. பல இன்ஜின்களில் இந்தத் திருப்பம் கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கணக்கில் 40 முதல் 50 டிகிரி வரை இருக்கும். வால்வ் திறக்கும் உயரம் இதில் மாறாது. உயரத்தையும் மாற்றும் விடெக் போன்றவை வேறு வகை.

கேமைத் திருப்புவது ஆயில்தான் என்பதால் பிரச்சினையும் ஆயிலிலிருந்தே தொடங்குகிறது. பேசருக்குள் போகும் ஆயிலை ஓசிவி என்கிற சோலினாய்டு வால்வ் திசைதிருப்புகிறது. பல இன்ஜின்களில் அதற்கு முன்னால் நகக்கண் அளவே உள்ள சல்லடை ஒன்று உண்டு. ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் முதலில் அடைபடுவது இந்தச் சல்லடை. அடுத்து ஓசிவிக்குள் நகரும் ஸ்பூல் என்ற சிறு உருளை பிசுபிசுத்து மெதுவாகும். ஒரே நாளில் நடப்பதல்ல என்பதால் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. கால் தானாகவே பெடலைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தப் பழகிவிடும், மைலேஜ் மட்டும் இறங்கிக்கொண்டே போகும்.

இன்டேக் கேம் எங்கே சிக்கியிருக்கிறது என்பதை ஓட்டத்திலேயே ஓரளவு கணிக்கலாம். பின்தங்கிய நிலையில், அதாவது வால்வ் தாமதமாகத் திறக்கும்படி சிக்கினால் ஐடில் நன்றாகவே இருக்கும், மேட்டில் திணறும். முன்னோக்கிச் சிக்கினால் ஐடிலில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடி, எரிந்த வாயு மீண்டும் உள்ளே கலக்கும். வண்டி உதறும், சிக்னலில் அணைந்தும் போகும்.

ஸ்கேனரில் இன்ஜின் கணினி கேட்கும் கேம் கோணத்தின் அளவையும் உண்மை அளவையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை. பெடலை மிதித்ததும் இரண்டும் சேர்ந்து நகர வேண்டும். ஓரிரு டிகிரி வித்தியாசம் பரவாயில்லை, எப்போதும் பின்னால் இழுபட்டால் ஓசிவியைக் கழற்றிப் பாருங்கள். கனெக்டர், பெரும்பாலும் ஒரே ஒரு 10 மிமீ போல்ட், அவ்வளவுதான். கார்ப் கிளீனரால் கழுவி, பேட்டரி மின்சாரத்தை ஓரிரு நொடி மட்டும் கொடுங்கள். ஸ்பூல் சட்டென்று நகர்ந்து, விட்டதும் சட்டென்று திரும்ப வேண்டும். அதிக நேரம் கொடுத்தால் காயில் சூடாகிக் கெடும். பொருத்தும்போது ஓ-ரிங்கைப் புதிதாக மாற்றி ஆயில் தடவுங்கள். போல்ட்டை அளவோடு முடுக்குங்கள், அலுமினியத்தில் மரை எளிதில் போய்விடும்.

ஸ்கேனர் காட்டும் பி0011, பி0012 (இன்டேக் கேம் டைமிங் தவறு) பிழைக் குறியீடுகளுக்கு இந்த வழி பெரும்பாலும் போதும். கேமும் கிராங்கும் பொருந்தவில்லை என்று சொல்லும் பி0016 வந்தால் ஓசிவி வாங்குவதற்கு முன் டைமிங் செயின் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சத்தம் குறையும் என்று 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் இன்ஜினில் கெட்டியான ஆயில் ஊற்றுவது தவறான சிக்கனம். குளிர்ந்த இன்ஜினில் பேசர் அசையத் தாமதமாகும். ஆயில் மட்டம் குறைந்தாலும் இதே கதைதான்: பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும், நுரை அழுத்தத்தில் சுருங்கும், கேம் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும். கசடு பிடித்த இன்ஜினில் ஃப்ளஷ் ஊற்றுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயர்ந்த கசடு நேராக அந்தச் சல்லடையில் போய் உட்காரும். நல்ல ஆயிலைக் குறைந்த இடைவெளியில் இரண்டு முறை மாற்றுவது மேல்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கரகரவென்று கேட்டால், ஸ்டார்ட் ஆகும்போது பேசரை அசையாமல் பிடித்திருக்கும் பூட்டு ஊசி தேய்ந்திருக்கலாம், அல்லது இரவில் ஆயில் வடிந்திருக்கலாம். ஆயில் ஃபில்டரில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வ் சரியில்லாவிட்டாலும் இது வரும், எனவே முதலில் நல்ல ஃபில்டர் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் நிற்காவிட்டால் பேசரை மாற்ற வேண்டியதுதான். முன்கவரைக் கழற்றியாகிவிட்டதால் செயினையும் டென்ஷனரையும் அப்போதே பாருங்கள். புதிய பேசரைப் பொருத்துமுன் கையால் திருகிப் பாருங்கள். பூட்டிய நிலையில் உள்பகுதி துளியும் அசையக் கூடாது.